நியூயார்க் நோயாளியும் தொப்புள் கொடி இரத்தமும்: லுகேமியா பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அக்யூட் மைலாய்ட் லுகேமியா என்ற வேகமாக முற்றும் இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், எங்கோ ஒரு குழந்தை பிறந்தபோது சேகரித்து உறையவைத்த தொப்புள் கொடி இரத்தம் அவருக்கு ஏற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் அவரைப் பற்றிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. செய்தியில் லுகேமியாவுக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு வரிகள்தான். மற்றதெல்லாம் எச்.ஐ.வி. பற்றியது. ஏனென்றால் அவருக்கு 2013 முதல் எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது, இந்தச் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு அது இரத்தத்தில் காணாமலே போனது.

எச்.ஐ.வி. பக்கத்தை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இந்த நிகழ்வை லுகேமியாவின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அவர் மருத்துவமனைப் படுக்கைக்குப் போனது லுகேமியாவுக்காக. உயிருக்கு ஆபத்தாக இருந்ததும் அதுதான், எச்.ஐ.வி.யை மாத்திரை கட்டுக்குள் வைத்திருந்தது. லுகேமியாவுக்கான மாற்று சிகிச்சையில் ஆளைக் கொல்லக்கூடியவை முக்கியமாக மூன்று. புதிய செல்கள் வேர் பிடிக்கும் முன்னரும் பின்னரும் வரும் தொற்று ஒன்று. அந்தச் செல்களே உடம்பைத் தாக்குவது இன்னொன்று. மூன்றாவது, நோய் திரும்புவது. இந்தப் பெண் மூன்றையும் எப்படித் தாண்டினார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

நோயாளியும் கொடையாளர் சிக்கலும்

அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை. மருத்துவ உலகில் 'நியூயார்க் நோயாளி' என்றே சொல்கிறார்கள். கலப்பு இனப் பின்னணி கொண்டவர் என்பது மட்டும் அறிக்கைகளில் இருக்கிறது. அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே தீர்மானித்தது.

அவருக்கு வந்தது அதிக ஆபத்துள்ள வகை. அந்த வகையைக் கீமோதெரபியால் அடக்கலாம், ஆனால் அடங்கியபடியே இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. இன்னொருவருடைய ஸ்டெம் செல்களை, அதாவது இரத்தச் செல்களையெல்லாம் உருவாக்கும் மூலச் செல்களை ஏற்றி, எலும்பு மஜ்ஜையையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கு எச்.எல்.ஏ. என்கிற அடையாளப் புரதங்கள் பொருந்திய கொடையாளர் தேவை. நம் செல்கள் ஒவ்வொன்றும் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் அடையாள அட்டை மாதிரி இது. உடன்பிறந்தவருடன் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் கொடையாளர் பதிவேட்டில் தேட வேண்டும்.

அந்தத் தேடலில்தான் இனம் குறுக்கே வருகிறது. அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014இல் வெளியான ஒரு கணக்கின்படி, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு முழுதாகப் பொருந்தும் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு அது 19 சதவீதம். கலப்புப் பின்னணி உள்ளவர்களுக்கும் தேடல் கடினம், ஏனென்றால் இரண்டு வெவ்வேறு மக்கள் கூட்டங்களின் எச்.எல்.ஏ. வரிசைகள் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன.

இதில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று சி.சி.ஆர்.5 என்ற புரதம். அதன் மரபணுவில் 'டெல்டா 32' என்ற சிறு துண்டு விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல்களில் அந்தக் கதவே இருக்காது. வட ஐரோப்பியர்களில்கூட சுமார் 1 சதவீதத்தினர்தான் அப்படிப்பட்டவர்கள். பிற இனங்களில் மிக அரிது. பொருந்தவும் வேண்டும், கதவும் இருக்கக் கூடாது என்றால், வயது வந்த கொடையாளர்களில் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடும் கதைதான்.

தொப்புள் கொடி இரத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. அதிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அதில் எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. பார்க்கும் 6 குறிகளில் 4 பொருந்தினாலே பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். கொடி இரத்த வங்கியில் ஏற்கெனவே உறைந்து கிடக்கும் அலகுகளில் டெல்டா 32 உள்ளவற்றை முன்கூட்டியே சோதித்துப் பிரித்து வைக்கவும் முடிந்தது.

ஏன் பொருந்தாமலே பொறுத்துக்கொள்கிறது

1988இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளூக்மான் குழு முதல் தொப்புள் கொடி இரத்த மாற்று சிகிச்சையைச் செய்தது. ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோய் கொண்ட 5 வயது அமெரிக்கச் சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி இரத்தம் கொடுக்கப்பட்டது. அது முழுதாகப் பொருந்திய இரத்தம். பொருந்தாத இரத்தத்தையும் கொடுக்கலாம் என்ற துணிச்சல் பிறகுதான் வந்தது.

காரணம் அந்தச் செல்களின் வயது. வளர்ந்த ஒருவருடைய டி செல்கள் (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போர் வீரர்களான வெள்ளணுக்கள்) நூற்றுக்கணக்கான கிருமிகளோடு சண்டை போட்டுப் பழகியவை. புதிய உடம்புக்குள் போனதும், 'இது என் வீடு இல்லை' என்று தாக்கத் தொடங்கிவிடும். தோல் சிவந்து உரிகிறது, குடல் புண்ணாகிறது, கல்லீரல் பாதிக்கப்படுகிறது. மருத்துவர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். நாள்பட்ட வடிவத்தில் இது வருடக்கணக்கில் கண், வாய், நுரையீரல், மூட்டு என்று ஒவ்வொன்றாகப் படுத்தி எடுக்கும். லுகேமியாவிலிருந்து தப்பித்தவர்கள் பலர் இதோடுதான் மீதி வாழ்க்கையை நடத்துகிறார்கள்.

கொடி இரத்தத்தின் டி செல்களில் பெரும்பாலானவை இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காதவை. அந்நியமான ஓர் உடம்புக்குள் ஒன்பது மாதம் அமைதியாக இருந்து பழகியவையும்கூட. தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பாதிதான் ஒத்திருக்கிறார்கள், ஆனாலும் சண்டை இல்லை. அந்தப் பொறுமையை அவை கூடவே எடுத்துக்கொண்டு வருகின்றன. அதனால் இரண்டு குறிகள் பொருந்தாவிட்டாலும் ஜி.வி.எச்.டி., குறிப்பாக நாள்பட்டது, எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. கிருமியைப் பார்க்காத செல்லுக்குக் கிருமியை அடிக்கவும் தெரியாது. சைட்டோமெகலோ வைரஸ், அடினோ வைரஸ், மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 ஆகிய மூன்றும் கொடி இரத்தம் பெற்றவர்களை அதிகம் தொல்லை செய்கின்றன. கடைசியாகச் சொன்ன வைரஸ் மூளையைத் தாக்கினால், சில வாரங்களுக்குள் நோயாளிக்குச் சற்று முன் நடந்ததுகூட மறந்துபோகும். குடும்பத்தார் முதலில் அதை மருந்தின் மயக்கம் என்றே நினைப்பார்கள். அப்புறம் 'வேர் பிடிக்கும் முன் வரும் நோய்க்குறி' என்று ஒன்று இருக்கிறது: முதல் இரண்டு வாரங்களுக்குள், வெள்ளணுக் கணக்கு ஏறும் முன்பே, தொற்று எதுவும் பிடிபடாத காய்ச்சல், தோல் சிவப்பு, சில சமயம் நுரையீரலில் நீர். இதைப் பிடிக்கத் தாமதமானாலும் தவறு, தொற்று என்று மட்டும் நினைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே போனாலும் தவறு. ஸ்டீராய்டுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நோயாளியின் உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை' என்று கேட்டதும் இது மென்மையான சிகிச்சை என்ற எண்ணம் வரலாம். அது உண்மையில்லை. ஜி.வி.எச்.டி.யில் கிடைக்கும் சலுகைக்கு, முதல் நூறு நாட்களின் தொற்றுகளில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பாலமாக வந்த உறவினர்

கொடி இரத்தத்தின் மிகப் பெரிய குறை அளவு. ஒரு கொடியிலிருந்து கிடைப்பது சுமார் 100 மில்லி லிட்டர், பல நேரம் அதைவிடக் குறைவு. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல்களாவது வேண்டும் என்பது பரவலான அளவுகோல். வளர்ந்த கொடையாளரின் மஜ்ஜை அதைப் போல சுமார் 10 மடங்கு தரும். குழந்தைக்குப் போதுமான கொடி இரத்தம் பெரியவருக்குப் பற்றாது. செல்கள் குறைந்தால் நியூட்ரோபில் (கிருமிகளை முதலில் எதிர்க்கும் வெள்ளணு) கவுண்ட் ஏற மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகும். அத்தனை நாளும் நோயாளி கிருமிகளுக்கு முன் நிராயுதபாணியாக நிற்கிறார்.

இதற்குப் பலர் பல வழி பார்த்தார்கள். இரண்டு கொடிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 224 இளம் நோயாளிகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு கொடி பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் 73 சதவீதத்தினரும் இரண்டு பெற்றவர்களில் 65 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது இல்லை என்றாலும், போதுமான அளவு ஒரு கொடி கிடைக்கும் குழந்தைக்கு இரண்டாவது தேவையில்லை என்பது தெளிவானது. கடுமையான ஜி.வி.எச்.டி.யும் இரண்டு பெற்றவர்களிடம்தான் அதிகம். கொடி செல்களைச் சோதனைச்சாலையில் பெருக்கிக் கொடுக்கும் முறைக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் ஆய்வில் நியூட்ரோபில் ஏற 22 நாட்களுக்குப் பதிலாக 12 நாட்கள் ஆனது.

நியூயார்க் வைல் கார்னெல் மருத்துவ மையத்தின் குழு இந்தப் பெண்ணுக்குப் பயன்படுத்தியது மூன்றாவது வழி. ஸ்பெயினில் தொடங்கி, கோயன் வான் பெசியன் குழு முதலில் சிகாகோவிலும் பிறகு நியூயார்க்கிலும் வளர்த்தெடுத்த 'ஹாப்லோ-கார்ட்' முறை. நெருங்கிய உறவினர் ஒருவருடைய பாதி பொருந்திய ஸ்டெம் செல்களையும் கொடி இரத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உறவினரின் செல்கள் சீக்கிரம் வேர் பிடித்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணுக்களைத் தருகின்றன. அந்த நிழலில் கொடி இரத்தத்தின் செல்கள் நிதானமாக வளர்கின்றன. தயாரானதும் பாலத்தை விலக்கிவிட்டுத் தாங்களே இடம் பிடிக்கின்றன. விலக்கும் வேலையைச் செய்வதும் கொடியின் டி செல்கள்தான். பச்சைக்குழந்தையின் செல்கள் என்றாலும் எதிரியை அடையாளம் கண்டால் பிடிவாதமாகவே அடிக்கின்றன.

இந்தப் பெண்ணின் விஷயத்தில் அந்த இடமாற்றம் பாடப்புத்தகத்தில் வரைந்தது போல நடந்தது. 17ஆம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார். 14 வாரத்தில் இரத்தத்தில் 100 சதவீதமும் கொடி இரத்தத்தின் செல்கள். ஜி.வி.எச்.டி. வரவில்லை.

எச்.ஐ.வி. மருந்துகளை அவர் நிறுத்தவில்லை. மாற்று சிகிச்சைக்குப் பிறகும் 37 மாதங்கள் சாப்பிட்டார். இது சாதாரண வேலை இல்லை. சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துத் தரப்படும் ஊக்கிகள், ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். அப்படி ஏறினால் சிறுநீரகம் கெடும். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எந்த மருந்தை எதோடு சேர்ப்பது என்று உட்கார்ந்து பார்க்கும் மருந்தாளுநரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

பெர்லினும் பார்சிலோனாவும்

இந்த முடிவு எவ்வளவு அரியது என்று புரிய இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர் திமோத்தி ரே பிரவுன், 'பெர்லின் நோயாளி'. அவருக்கும் அதே அக்யூட் மைலாய்ட் லுகேமியா, அதே எச்.ஐ.வி. 2007 பிப்ரவரியில் பெர்லினில் டெல்டா 32 உள்ள வயது வந்த கொடையாளரின் ஸ்டெம் செல்களைப் பெற்றார். எச்.ஐ.வி. போய்விட்டது. ஆனால் சுமார் 11 மாதத்தில் லுகேமியா திரும்பியது. 2008இல் அதே கொடையாளரிடமிருந்து இரண்டாவது முறை செய்தார்கள். அதற்குப் பிறகு நரம்பு மண்டலப் பாதிப்பு வந்து, நடக்கவே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தார். பிறகு லுகேமியா மூன்றாவது முறை தலைகாட்டியது. 2020 செப்டம்பர் 29 அன்று, 54 வயதில் இறந்தார். சாகும்போதும் அவர் உடம்பில் எச்.ஐ.வி. இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் நியூயார்க் பெண் தன் எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்தினார். இந்த இரண்டு நிகழ்வுகளின் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் எனக்கு எழுத ஓடவில்லை.

இன்னொருவர் பார்சிலோனாவில் சிகிச்சை பெற்ற 37 வயது ஆண். 2015இல் அவருடைய நிகழ்வு வெளியானது. இவருக்கு லுகேமியா இல்லை, வேகமாக வளரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கொடுத்தது நியூயார்க் பெண்ணுக்கு நடந்த அதே வகை: டெல்டா 32 கொடி இரத்தம், கூடவே பாதி பொருந்திய செல்களின் பாலம். கொடியின் செல்கள் முழுதாக இடம் பிடித்தன, எச்.ஐ.வி.யும் அடங்கியது. மூன்று மாதத்தில் லிம்போமா அவரைக் கொண்டுபோனது.

வைரஸை வெல்வதில் மூன்று பேரின் மாற்று சிகிச்சையும் வேலை செய்தது. வாழ்நாளைத் தீர்மானித்தது புற்றுநோய் திரும்பியதா இல்லையா என்பதுதான்.

திரும்பும் நோயும் புதிய படையும்

மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடும் கீமோ, கதிர்வீச்சு இரண்டும் லுகேமியா செல்களை முழுதாக ஒழிப்பதில்லை. மிச்சமிருப்பவற்றைத் தேடிக் கொல்வது புதிய டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும். ஜி.வி.எச்.டி. வருவதும் இதே டி செல்களால். ஒரே கத்தி காய் நறுக்கவும் செய்கிறது, விரலையும் வெட்டுகிறது. டி செல்களைக் குறைத்தால் ஜி.வி.எச்.டி. குறையும், நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். இதுதான் இந்தத் துறையின் பழைய தலைவலி.

அப்படியென்றால், சாதுவான கொடி இரத்தம் கொடுத்தால் நோய் அதிகம் திரும்ப வேண்டும் அல்லவா? தரவு வேறு மாதிரி சொல்கிறது. சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தில் சிகிச்சை பெற்ற 582 பேரின் விவரத்தை 2016இல் மிலானோ குழு வெளியிட்டது. அவர்களில் 140 பேர் கொடி இரத்தம் பெற்றவர்கள். சிகிச்சைக்கு முன் மிகச் சிறு அளவில் நோய் மிச்சமிருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், உறவல்லாத வயது வந்த கொடையாளரிடம் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கொடி இரத்தம் பெற்றவர்களைப்போல சுமார் மூன்று மடங்கு. ஒரே மையத்தின் பின்னோக்கிய ஆய்வு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க மாட்டேன். ஆனாலும் மிச்ச நோய் உள்ள ஒருவருக்குக் கொடையாளர் தேடும்போது இந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது.

விளக்கங்களில் என் மனதைத் தொட்டது, வான் ரூட் குழு 2012இல் முன்வைத்தது. கர்ப்பத்தின்போது தாயின் செல்கள் சில குழந்தைக்குள் போய்விடுகின்றன. அந்தச் செல்கள், குழந்தை அப்பாவிடமிருந்து பெற்ற எச்.எல்.ஏ. குறிகளை அந்நியமாகக் கண்டு பழகியவை. கொடி இரத்தத்தோடு அவையும் நோயாளிக்குள் வருகின்றன. நோயாளியிடமும் அதே அப்பா வழிக் குறி இருந்தால், அதைச் சுமக்கும் லுகேமியா செல்களை அவை தாக்குகின்றன என்பது அவர்கள் கருத்து. நியூயார்க்கின் கொடி இரத்த வங்கியிலிருந்து இரத்தம் பெற்ற லுகேமியா நோயாளிகளில், அந்தக் குறி ஒத்துப்போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. முகம் தெரியாத குழந்தை தருகிறது என்று நினைக்கிறோம், அதன் அம்மாவும் கூட வந்து சண்டை போடுகிறாள்.

பொருந்தாத மாற்று சிகிச்சைகளில் லுகேமியாவும் தந்திரம் கற்றுக்கொள்ளும். பாதி பொருந்திய கொடையாளரிடம் பெற்ற சிலருக்கு நோய் திரும்பியபோது, லுகேமியா செல்கள் பொருந்தாத எச்.எல்.ஏ. பகுதியையே தூக்கி எறிந்திருந்ததை இத்தாலியக் குழு 2009இல் காட்டியது. புதிய படை எதைப் பார்த்துத் தாக்குமோ அந்த அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரிகிறது. அப்படித் திரும்பிய நோய்க்கு அதே கொடையாளரின் டி செல்களை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பயனில்லை. கொடி இரத்தத்தில் அந்த வழியும் முதலிலேயே அடைபட்டது. அந்தக் குழந்தையைத் தேடிப் போய் மறுபடி கேட்க முடியாது. கொடி இரத்தம் பெற்றவருக்கு நோய் திரும்புவது அதனால் கூடுதல் பாரம்.

ஒரு இடைக்குறிப்பு

தமிழ்நாட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம், 'நாளைக்கு உங்கள் குழந்தைக்கு லுகேமியா வந்தால் உதவும்' என்று சொல்லித் தனியார் வங்கிகளில் கொடி இரத்தம் சேமிக்க வைப்பதுண்டு. இந்த நிகழ்வைப் படித்தவர்களுக்கு அதிலுள்ள ஓட்டை தெரியும். லுகேமியாவை அடிப்பது அந்நியச் செல்கள். சொந்தச் செல்லுக்குச் சொந்த லுகேமியா அந்நியமாகத் தெரியாது. குழந்தைப் பருவ லுகேமியா சிலவற்றின் முதல் மரபணு மாற்றம் பிறக்கும்போதே இரத்தத்தில் இருப்பதும் 1990களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சேமித்த பையிலேயே நோயின் விதை இருக்கலாம். தனக்காகவே சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் சொல்கிறது. நியூயார்க் பெண்ணைக் காப்பாற்றியது வேறு யாரோ பெற்ற குழந்தையின் கொடி.

பின்தொடர்தல்

இந்தப் பெண், புற்றுநோய் முதலான காரணங்களுக்காக மாற்று சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பின்தொடரும் ஓர் அமெரிக்க ஆய்வில் இருந்தார். அதை நடத்தியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த இவான் பிரைசன், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டெபோரா பெர்சாட். முழு அறிக்கை 2023 மார்ச்சில் வந்தது. மருந்தை நிறுத்தி 18 மாதங்கள் ஆகியும் இரத்தத்தில் வைரஸ் இல்லை.

அதில் ஒரு விவரம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. எச்.ஐ.வி.க்கு எதிராக முன்பு அவர் உடம்பில் இருந்த எதிர்ப்பு வினைகளும் மறைந்துவிட்டன. வைரஸோடு ஆண்டுக்கணக்கில் போராடிய பழைய படை போய், அதைக் கண்டே இராத புதிய படை வந்திருக்கிறது. மாற்று சிகிச்சை முடிந்தவர்களுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளை முதலிலிருந்து போடுவதும் இதனால்தான். போலியோவும் டெட்டனஸும் அந்த உடம்புக்கு மறுபடி புதிது.

லுகேமியா திரும்பவில்லை. 2022 அறிவிப்பின்போதே நான்கு ஆண்டுகளைத் தாண்டியிருந்தார். 2023 அறிக்கையின் கடைசி அளவீடு, மாற்று சிகிச்சைக்குப் பின் 4.8 ஆண்டுகள். கொடி இரத்தத்தின் செல்கள் அப்போதும் 100 சதவீதம்.

பிரவுனுக்கு நோய் கடைசியாகத் திரும்பியது பன்னிரண்டாம் ஆண்டில். அதனால் இப்படிப்பட்டவர்களின் இரத்தத்தில் அந்த 100 சதவீதம் 99 ஆகிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பழைய ஆளின் செல்கள் தலைகாட்டினால், நோய் கண்ணுக்குத் தெரியும் முன்னரே பல நேரம் அந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.